எந்தப் பக்கம் போகிறீர்கள்

பதினோராம் இரவு
வோல்ட்மீட்டரில் பதினொன்று புள்ளி நான்கு.
அதன் பிறகு அதைப் பார்ப்பதை விட்டுவிட்டோம்.
குளிர்பெட்டி வெறும் அலமாரியாகி ஐந்து நாளாயிற்று.
தானியங்கிச் சுக்கானையும் அணைத்துவிட்டு
மூன்று மணிக்கு ஒருவராய்
மாற்றி மாற்றிக் கையால் பிடித்தோம்.
பெர்முடாவிலிருந்து ஓர்த்தா வந்து சேர்ந்தபோது
வெண்ணெய் எண்ணெயாகியிருந்தது.
பேச்சு கெட்டிப்பட்டிருந்தது.

துவார்த்தேயின் கடை மீன் ஏலக்கூடத்துக்குப் பின்னால்.
கயிறு, கிரீஸ், துருப்பிடிக்காத ஆணிகள்,
நடைபாதையை மறித்துத் தூங்கும் ஒற்றைக்காது நாய்.
பழைய பேட்டரிகளில் ஒன்றை
ஹால்வர்ட் தள்ளுவண்டியில் கொண்டுவந்திருந்தான்.
துவார்த்தே மூடியைத் திருகி உள்ளே டார்ச் அடித்தார்.
நீர் வற்றித் தகடுகள் வெளியே தெரிந்தன,
உப்புப் பூத்து வெள்ளையாய்.
"தண்ணீர் ஊற்றுவது யார்?" என்றார்.
நான் அவனைப் பார்த்தேன்.
அவன் என்னைப் பார்த்தான்.

இது ஈயம், என்றார்.
ஒன்று இருபத்தெட்டு கிலோ. நான்கு வேண்டும்.
எழுதியிருப்பதில் பாதியைத்தான் கேட்கலாம்,
முழுதும் கேட்டால் சீக்கிரம் செத்துப்போகும்.
ஆனால் எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும்
இதன் அண்ணன் தம்பி யாராவது இருப்பான்.

இது ஜெல்.
வாங்கியவர்களுக்கே ஏன் வாங்கினோம் என்று தெரியாது.

இது லித்தியம்.
விலைச் சீட்டைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தார்.
ஒரே ஆள் தூக்கலாம்.
கடைசி மிடறு வரை முகம் மாறாமல் கொடுக்கும்.
ஆல்டர்னேட்டரை மட்டும் மாற்றிவிட வேண்டும்,
இது குடிக்கிற வேகத்துக்கு ஊற்றிக் கொடுத்தே
பழையது வெந்துபோகும்.

"அப்புறம் ஒன்று.
உறைகுளிரில் இதற்குள் மின்சாரம் ஏற்றக்கூடாது.
ஏற்றினால் பாழ்.
அதனால்தான் கேட்கிறேன்,
எந்தப் பக்கம் போகிறீர்கள்?"

"ஸ்வால்பார்ட்" என்றான் ஹால்வர்ட்.
"மதீரா" என்றேன் நான்.

ஒரே நேரத்தில்.
ஒத்திகை பார்த்ததுபோல.

நாய் எழுந்து வேறிடம் போய்ப் படுத்தது.
துவார்த்தே, இல்லாத ஒரு திருகாணியைத் தேடி
உள்ளறைக்குப் போனார்.
வெகுநேரம் தேடினார்.

ஹால்வர்ட் சட்டைப்பையிலிருந்து
நாலாய் மடித்த தாளை எடுத்துக் கல்லாமேல் விரித்தான்.
ஒரு நாளைக்கு எவ்வளவு ஆம்பியர் என்று
கடலில் எழுதிய கணக்கு.
குளிர்பெட்டி, அடித்திருந்தது.
சுக்கான், அடித்திருந்தது.
ரேடியோ, காலையில் மட்டும்.
பாய்மர உச்சி விளக்கு, கப்பல் தெரிந்தால்.
எல்லாவற்றுக்கும் கீழே,
அடிக்காமல்:
இங்கெபோர்க் படிக்கும் விளக்கு, இரண்டு மணி, அரை.

அந்தப் பதினோராம் இரவும் நான் படித்தேன்.
அத்திமரத்தை எந்த மாதம் கவாத்து செய்வது,
கல்சுவர் ஓரமாய் எப்படிப் படரவிடுவது.
அட்டையில் பெரிதாய் ஒரு மரம்.
மேலே சுக்கானைப் பிடித்துக்கொண்டிருந்தவனுக்கு
படிக்கட்டின் வழியே
அது தெரியாமல் இருந்திருக்காது.

எங்கே என்று நாங்கள் முடிவு செய்யவில்லை.
துவார்த்தே திரும்பி வந்தபோது
ஈயம் என்றோம், இருவரும்.
ஈயம் போகுமிடம் கேட்பதில்லை.

நூற்றுப் பன்னிரண்டு கிலோ.
நான் முன்னால் இழுக்க,
சரிவில் வண்டி ஓடிவிடாமல்
அவன் பின்னால் இழுத்துப் பிடிக்க,
துறைமுகச் சுவரோரம்
வந்து போன படகுகள் தரையில் தீட்டிய பெயர்கள்மேல்
சக்கரம் கடகடவென்று ஏறி இறங்கியது.
பெயர் எழுதாமல் போனால் கடல் பொறுக்காதாம்.
எங்கள் 'தெர்னா'வுக்கு நீலம் வாங்கிவிட்டோம்.
இடம் பார்க்கவில்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு தண்ணீர் ஊற்றுவது என் முறை.
மூன்றாம் ஞாயிறு அவனுடையது.
பேட்டரிப் பெட்டியின் மூடிக்குள்
பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.
டிசம்பர் வரைக்கும்.